வயலும் ஒரு வேலைத்தலமே

கொழும்பில் வெள்ளவத்தைக்கு அணித்தாக, ஹவ்லொக் வீதியோரமாய், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கும் நிலத்திலே முன்னர் ஒரு பெரும் நூலாலை இருந்தது. வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலை என்பது அதன் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய அவ்வாலையில் 1933 ஆம் ஆண்டிலே தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலிக் குறைப்பே அதற்குக் காரணம். வேலையிலே காயமுற்றவருக்கு நட்டஈடு வழங்கும் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டில், அதாவது 1934 இல், 19 ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. காயம் நேராவண்ணந் தடுக்கும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கமாக நிறைவேறி, 1950 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. போன விரலுக்கு விலை முதலில் குறிக்கப்பட்டது. விரலைக் காக்கும் ஏற்பாடு பின்னரே செய்யப்பட்டது.

நெல்லும் மரக்கறியுஞ் செய்வோருக்கு ஆலைச் சட்டம் எதற்கு என்று கமக்காரர் வினவுதல் இயல்பே. அச்சட்டம் கேட்பனவற்றை நோக்கின் விடை தானே புலப்படும். சுழலும் சில்லுக்கும் தண்டுக்கும் மறைப்பு இடுதல் வேண்டும். தூசியும் நச்சாவியும் வெளியேற வழி இருத்தல் வேண்டும். குடிநீரும் கைகழுவ நீரும் வேண்டும். நஞ்சு புழங்கும் அறையில் உணவருந்தலாகாது. மரணம் விளைத்த விபத்தும், தொழிலாளியை வேலைக்கு வரவொட்டாது கிடத்திய விபத்தும் அதிகாரிக்கு அறிவிக்கப்படல் வேண்டும். சட்டத்தின் சுருக்கம் தொழிலாளர் காணும் இடத்திலே ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். இவையெல்லாம் எவர் பொறுப்பு என்னும் ஐயமும் அங்கு இல்லை. வேலைத்தலத்தை நடத்துபவரே, சட்டத்தின் மொழியில் இருப்பாட்சியாளரே, பொறுப்பாளி. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில், ஒடுங்கிய தெருவொன்றிலே நாலைந்து பேரைக்கொண்டு நடக்கும் உலோகப் பட்டறைக்கும் சட்டம் ஒன்றுதான். பட்டறைக்காரர் அதைக் கைக்கொள்கின்றாரா என்பது வேறு விடயம். கைக்கொள்ளாவிடின் எவரைக் கேட்பது என்பது தெளிவு.

வயலில் அத்தகைய தெளிவு இல்லை. கமம் தொழிற்சாலை அன்று. வரம்பிலே பரிசோதகர் வந்து நிற்பதில்லை. ஆயினும் ஆலையில் உள்ள இடர்கள் யாவும் வயலிலும் உள. சூடடிக்கும் இயந்திரத்திலே சுழலும் தண்டு உண்டு. மருந்துத் தொட்டியிலே நஞ்சு உண்டு. கிணற்றினுள்ளே நச்சுவாயு உண்டு. இவற்றோடு ஆலையில் இல்லாத வெயிலும் சேறும் பாம்பும் எலியும் வேறு. சங்கமாகக் கூடி நெல்லாலை நடத்தும் கமக்காரர் ஓர் உண்மையை மறத்தலாகாது: விசைகொண்டு இயங்கும் அந்நெல்லாலை தொழிற்சாலையே. அதன் பட்டிக்கும் சில்லுக்கும் மறைப்பு இடாத சங்கம் சட்டத்தை மீறியதாகும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடும் பட்டியின் அருகே நெல்மூடை தூக்குதல் பல ஊர்களிலும் வழக்கம். தொங்கும் துணியைப் பட்டி பற்றினால் ஆளை இழுக்கும் வேகத்துக்கு முன் பக்கத்தில் நிற்பவர் ஆளியை நிறுத்தும் வேகம் போதாது.

நஞ்சைப் பற்றிய சட்டம்

வயலுக்கு நேரே வரும் சட்டம் வேறொன்று உண்டு. அது 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். பீடைகொல்லிகளின் இறக்குமதி, பொதியிடல், சுட்டுத்துண்டு ஒட்டல், களஞ்சியப்படுத்தல், கொண்டுசெல்லல், விற்பனை, பயன்பாடு ஆகிய யாவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. விவசாயத் திணைக்களத்தைச் சார்ந்து பேராதனையில் இயங்கும் பீடைகொல்லிகள் பதிவாளர் அதனை நடத்துகின்றார். இந்நாட்டில் பயன்படும் மருந்துகளின் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் உள்ள துறைமுகத்திலே கப்பலிலிருந்து இறங்கும்போதே பதிவு உண்டா என்னும் கேள்வி எழுகின்றது. பதிவு இல்லாத நஞ்சு கடைக்கும் வயலுக்கும் வரலாகாது என்பதே சட்டத்தின் கருத்து.

இச்சட்டத்தால் விளைந்த பயன் சிறிதன்று. பரதியோனும் மெதைல் பரதியோனும் 1984 ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டன. மெதமிடபொசும் மொனோகுரோட்டபொசும் 1995 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன. அவை போனதும் கமக்காரர் எண்டோசல்பானை நாடினர். நஞ்சுண்டு இறந்தோரில் அதனால் இறந்தோர் பெருகவே, 1998 ஆம் ஆண்டில் அதுவும் தடுக்கப்பட்டது. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியன 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக நீக்கப்பட்டன. 1995 ஆம் ஆண்டில் நூறாயிரம் பேருக்கு நாற்பத்தேழு பேர் வரை தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட இந்நாட்டில், 2005 ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கொடிய நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாது போனமை அதற்கு ஒரு பெருங்காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர்.

எனினும் நாட்டின் கரை நெடியது. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரத்துக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே அது தளர்த்தப்பட்டது. அதன் பின்னரும் கள்ளத்தோணியில் வந்த பூச்சிமருந்தையும் களைநாசினியையும் கடற்படையினர் கைப்பற்றியுள்ளனர். விலை மலிவு, வேகம் அதிகம் என்று சொல்லி விற்கப்படும் இத்தகைய போத்தலில் இலங்கைப் பதிவு இராது. உள்ளே இருப்பது எது, எத்துணைச் செறிவுடையது என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. கடைக்காரர் பெரிய கலத்திலிருந்து சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் மருந்தும் அத்தன்மைத்தே. சுட்டுத்துண்டு இல்லாத மருந்தை வாங்குபவர் சட்டம் தமக்களித்த காப்பைக் கடையிலேயே விட்டு வருகின்றார்.

சுட்டுத்துண்டை வாசித்தல்

ஆலையில் சுவரிலே ஒட்டப்படும் சட்டச் சுருக்கத்துக்கு ஒப்பானது போத்தலின் சுட்டுத்துண்டு. அது சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அச்சிடப்படுகின்றது. எழுத்து மிகச் சிறிது என்பது உண்மை. மூக்குக் கண்ணாடி அணிந்தவரும் வெளிச்சத்தில் வைத்தே வாசிக்கவேண்டியிருக்கின்றது. வீட்டிலே பாடசாலை செல்லும் பிள்ளை இருப்பின், கலக்குமுன் அப்பிள்ளையைக்கொண்டு தமிழ்ப் பகுதி முழுவதையும் உரத்து வாசிப்பித்தல் நன்று. வாசிப்பது மாத்திரமே பிள்ளையின் வேலை. போத்தலைத் திறக்குமுன் பிள்ளை அவ்விடத்தை விட்டகலல் வேண்டும்.

முதலில் அடியிலுள்ள நிறப்பட்டையை நோக்குக. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அடுத்த தரத்தையும், நீலம் அதனிலும் குறைந்ததையும், பச்சை யாவற்றினும் குறைந்ததையும் காட்டும். பச்சை என்பதால் அது பாலன்று. அடுத்து, எப்பயிருக்கு எப்பீடைக்கு என்பதை நோக்குக. நெல்லின் கபிலநிறத் தத்திக்கு என எழுதப்பட்டதைக் கத்தரிக்கோ போஞ்சிக்கோ அடிப்பது பிழை. கடைசியாக, அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருத்தல் வேண்டும் என்பதை நோக்குக. மரக்கறி செய்வோர் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேதான். சந்தையில் விலை ஏறியது என்று கேட்டதும், இரண்டு நாள் முன் மருந்தடித்த கறிமிளகாயை ஆய்ந்து இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்புவர். அதை வெள்ளவத்தையில் வாங்கிச் சமைப்பவருக்கு அடித்த நாள் தெரியாது. ஆயும் பெண்களோ நாள் முழுவதும் அவ்விலைகளுக்குள் கை வைத்தபடியே நிற்கின்றனர். ஆதலின் நாள் எண்ணாது ஆய்தலின் முதற்கேடு உண்பவருக்கன்று, ஆய்பவருக்கே.

நஞ்சு உடலுட் புகும் வழி

மருந்து வாயால் அல்லது மூக்கால்தான் உட்செல்லும் எனப் பலர் எண்ணுகின்றனர். மருந்தடிப்பவரின் உடலுள் அது பெரும்பாலும் தோல் வழியாகவே செல்கின்றது. தோலும் எங்கும் ஒரே தன்மையதன்று. பரதியோனைக்கொண்டு செய்த ஒரு சோதனையில், முன்கையைவிடத் தலைத்தோல் மூன்றரை மடங்குக்கு மேலும், விதைப்பைத் தோல் பத்து மடங்குக்கு மேலும் நஞ்சை உறிஞ்சின. முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் மூடி சரியாக இறுகாவிடின், கசியும் மருந்து முதுகால் வழிந்து சாரத்தின் மடிப்பிலே தங்கி எங்கே ஊறும் என்பதை இதனால் அறியலாம். ஈரச் சாரத்தோடு மாலை வரை நிற்பவர் நஞ்சைக் கட்டிக்கொண்டு நிற்பவரே. மூடியின் வளையம் தேய்ந்தால் புதிது வாங்கச் செல்லும் பணம் அற்பம்.

கையுறை, முழங்கால் உயர்ந்த சப்பாத்து, கண்காப்பு, நீண்ட கைச்சட்டை, களிசான், தொப்பி யாவும் அணிக எனச் சொல்லுதல் எளிது. பங்குனி வெயிலில் அவற்றை அணிந்து இரண்டு ஏக்கர் நடத்தல் எளிதன்று. அணியாதவரை அறிவிலி என்று பழிப்பதால் பயனில்லை. வெயிலுக்குமுன் விடியற்காலையில் அடித்து முடித்தால் உடுப்பைத் தாங்கலாம். காற்றும் அப்போது மெல்லிது. உடுப்பில் எதையேனும் கைவிடத்தான் வேண்டுமாயின், மருந்தைக் கலக்கும்போது கையுறையை மட்டும் கைவிடலாகாது. தொட்டியில் இருப்பது நீர் கலந்த நஞ்சு. போத்தலில் இருப்பது அதன் முழுச் செறிவு. கையுறை கிழிந்திருப்பின் அணியாததே மேல், ஏனெனில் உள்ளே சென்ற துளி கையோடு ஒட்டியபடி நிற்கும்.

காற்று வீசும் திசையை நோக்கி நின்று அடித்தலும், அடைத்த குழாய்முனையை வாயால் ஊதுதலும், கலக்கிய கையால் வெற்றிலை மடித்தலும் இன்னும் ஒழியவில்லை. குழாய்முனையைத் துப்புரவாக்க ஈர்க்கும் நீரும் போதும்.

இவ்விடயத்தில் இந்தியாவின் மகாராட்டிரத்திலே யவத்மால் மாவட்டத்தில் 2017 ஆம் ஆண்டு நிகழ்ந்தது எண்ணத்தக்கது. பருத்திச் செடி அவ்வாண்டு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அடித்த மருந்து மேலிருந்து முகத்திலும் மார்பிலும் விழுந்தது. காப்புடை இல்லை, பல மருந்தை ஒன்றாய்க் கலந்தோரும் இருந்தனர். சில திங்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் வைத்தியசாலையிற் சேர்ந்தனர். இறந்தோருள் பலர் பிறர் வயலுக்குக் கூலிக்கு மருந்தடித்தவர்.

கூலிக்கு மருந்தடிப்பவர்

வயலின் இருப்பாட்சியாளர் யார் என்னும் வினா இங்கே வந்து நிற்கின்றது. நிலம் ஒருவருடையது; குத்தகை மற்றொருவருடையது; மருந்தை வாங்குபவர் இன்னொருவர்; தெளிகருவியைத் தோளில் ஏற்றுபவர் நாட்கூலிக்காரர். ஊரிலே மருந்தடிப்பையே தொழிலாகக் கொண்ட இளைஞர் ஒருவர் அல்லது இருவர் இருப்பர். கமக்காரர் ஒருவர் ஒரு போகத்தில் மூன்று நான்கு முறை மருந்தோடு பழகுகின்றார். அவ்விளைஞரோ நாள்தோறும் பழகுகின்றார். நேற்று ஒருவருடைய வெண்காயத்துக்கு ஒரு மருந்து, இன்று மற்றொருவருடைய நெல்லுக்கு வேறொரு மருந்து. எத்துணை ஏறியது என்பதைக் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. அவருக்குத் தலையிடித்தால் வெயில் என்பர். கை நடுங்கினால் பசி என்பர்.

ஆலைச் சட்டத்தின் நெறியை வயலுக்குப் பொருத்தின், வேலையை ஏவி அதன் பயனைப் பெறுபவரே பொறுப்பாளி. ஆகவே மருந்தைத் தேர்ந்தவர் போத்தலை மூடியோடும் சுட்டுத்துண்டோடும் அடிப்பவர் கையிற் கொடுத்தல் வேண்டும். கசியாத தெளிகருவியும், சவர்க்காரமும், ஒரு குடம் நல்ல நீரும் வரம்பிலே வைத்தல் வேண்டும். கூலியைத் தொட்டிக் கணக்கிற் பேசினால் அவர் வெயிலிலும் காற்றிலும் விரைந்து அடிப்பார். நாட்கணக்கிற் பேசின் நிதானமாக அடிப்பார். இதற்குச் சற்றே கூடுதற் செலவாகும். அச்செலவும் மருந்தின் விலையிற் சேர்ந்ததே.

தனியொருவர் செய்ய மாட்டாததை அமைப்புச் செய்யலாம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புகள் பதிவுசெய்யப்படுகின்றன. தொழிற்சாலையில் ஒரு பொதுப் பதிவேடு இருப்பது போன்று, அமைப்பின் செயலாளர் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை வைத்திருத்தல் போதும். எவருடைய வயல், எந்நாள், எம்மருந்து, அடித்தவர் யார், ஏதும் சுகவீனம் உண்டாயிற்றா என்னும் ஐந்து விடயங்களை அதில் எழுதுக. ஒரு போகம் எழுதினால், அந்த இளைஞர் எத்தனை நாள் நஞ்சோடு நின்றார் என்பது முதன்முறையாக ஊருக்குத் தெரியவரும். விவசாயப் போதனாசிரியர் வரும்போது கொப்பியைக் காட்டினால், தேவையின்றி அடித்த மருந்து எது என்பதையும் அவர் சொல்வார். கொப்பியைத் தண்டனைக்கு உரியதாக்கினால் மறுநாளே பொய் எழுதப்படும். இது கொழும்பின் பட்டறைகளிலும் கண்ட உண்மை. பரிசோதகர் வரும் நாளில் மட்டும் மாட்டப்படும் மறைப்பு எவர் விரலையும் காப்பதில்லை.

வீட்டில் வைத்தல்

மருந்துப் போத்தலை அடுக்களை இறப்பிலே செருகுவதும் கட்டிலின் கீழ் வைப்பதும் கூடாது. பூட்டுள்ள பெட்டியில் வைத்து, திறப்பை ஒருவரே வைத்திருத்தல் வேண்டும். இது பிள்ளைகளுக்காக மட்டுமன்று. கடன் முட்டிய நாளிலோ, வீட்டிற் பிணக்கு மூண்ட இரவிலோ, ஒரு கணத்து வேதனையில் நேர்வதைப் பூட்டு ஒன்று தடுத்துவிடும். அக்கணம் கழிந்தால் பெரும்பாலும் அவ்வெண்ணமும் கழிகின்றது. மனம் உடைந்தோரும் அவர்தம் வீட்டாரும் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல உதவியைப் பெறலாம். வேண்டிய அளவு மட்டும் வாங்கின் பூட்டி வைக்க மிச்சமும் இராது. வெறும் போத்தலை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளைத்துவிடுக. தேங்காயெண்ணெய் ஊற்ற அது ஆகாது.

கிணறும் சேறும்

2018 ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஹொறணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைக் காக்க இறங்கியோரும் ஒருவர்பின் ஒருவராய் மயங்க, ஐவர் மாண்டனர். கமக்காரருக்கு இதே கதை கிணற்றிலே நிகழும். நீர் ஆழத்தில் நிற்குங் காலத்தில் எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுள் இறக்கி ஓட்டினால், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு கிணற்றை நிரப்பும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. இறங்கியவர் சாய்ந்ததும் தம்பி இறங்குவான், அயலவர் இறங்குவர். இயந்திரத்தைக் கிணற்றுள் இறக்கலாகாது. விழுந்தவரைத் தொடர்ந்து எவரும் இறங்கலாகாது.  மேலே நின்று தீயணைப்புப் படையினரை அழைத்தலே செய்யத்தக்கது.

சேற்றில் நிற்போருக்கு எலிக்காய்ச்சல் உண்டு. 2008 ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய் உற்றதாக ஐயுறப்பட்டனர். ஆலைத் தொழில்நோய்களைப் போன்று இதுவும் சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய நோய். போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால், தகுதியுடையோருக்கு டொக்சிசைக்கிளின் வில்லை கிடைக்கும். காலிற் புண்ணோடு வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்டால், வைத்தியரிடம் தாம் வயலில் நின்றமையை முதலிற் சொல்லுதல் வேண்டும். அதைச் சொல்லாவிடின் சாதாரணக் காய்ச்சலாகவே கருதப்படும்.

நஞ்சு பட்டால்

தலையிடி, மிகு வியர்வை, வாயூறல், கண்மணி ஒடுங்கிப் பார்வை மங்கல், தசை துடித்தல், மூச்சுமுட்டல் ஆகியவற்றுள் இரண்டு காணின் வேலையை உடனே நிறுத்துக. உடுப்பைக் களைந்து, சவர்க்காரமிட்டு உடல் முழுவதையும், தலைமயிரையும் நகக்கண்ணையுங் கூட, நிறைய நீரால் கழுவுக. கண்ணிற் பட்டிருப்பின் பதினைந்து நிமிடம் நல்ல நீர் ஓடவிடுக. கழுவுபவரும் கையுறை அணிதல் நன்று. விழுங்கியவருக்கு உப்புநீர் கொடுத்து வாந்தி எடுப்பிப்பதும், பால் பருக்குவதும் கூடாது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. அவரை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கலாம்.

மருந்துப் போத்தலை அல்லது அதன் சுட்டுத்துண்டைக் கட்டாயம் கூடக் கொண்டுசெல்க. சேதனப் பொசுபேற்று வகைக்கும் காபமேற்று வகைக்கும் அத்திரோப்பின் ஏற்றப்படும். வேறு வகைக்கு அது உதவாது. எது என்று தெரியாதபோது வைத்தியர் குறிகளை நோக்கியே ஊகிக்க வேண்டும். அதற்குள் நேரங் கழியும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் உள்ள நஞ்சுத் தகவல் நிலையம் எம்மாவட்டத்து வைத்தியருக்கும் தொலைபேசியில் விளக்கம் தரும். அவர்கள் முதலிற் கேட்பது மருந்தின் பெயரையே. சோடாப் போத்தலில் ஊற்றி வாங்கியவரிடம் அதற்கு விடை இராது.